கருக்கலைப்பும் குறைந்துபோன பெண் குழந்தைகளும்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயது நிரம்பாத 1000 ஆண் குழந்தைகளுக்கு அரியலூர் மாவட்டத்தில் 897 பெண் குழந்தைகளே இருந்தார்கள். பெரம்பலூரில் 913. தமிழ்நாட்டின் சராசரி 943. மாநிலத்தின் கடைசி இடம், 896 என்ற எண்ணோடு, பக்கத்து மாவட்டமான கடலூருக்குப் போயிற்று. பத்தாண்டுகளுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. 2001இல் அரியலூரில் 949, பெரம்பலூரில் 937, கடலூரில் 957 என்றே கணக்கு இருந்தது. அப்போது தமிழ்நாட்டுக்குத் தலைகுனிவாக இருந்தவை தருமபுரியும் (826) சேலமும் (851). அடுத்த கணக்கெடுப்பில் அவை இரண்டும் 913, 916 என்று ஏறின. மாநிலச் சராசரி 942இலிருந்து 943 ஆனது. அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்தவருக்கு எதுவுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றியிருக்கும். மேற்கே ஏறிய அளவைக் கிழக்கே இறங்கிய அளவு விழுங்கிவிட்டது.

இந்த இரு மாவட்டங்களின் மொத்த மக்கள்தொகையைப் பார்த்தால் படம் தலைகீழாகத் தெரியும். அரியலூரின் 7,54,894 பேரில் 1000 ஆண்களுக்கு 1015 பெண்கள். பெரம்பலூரின் 5,65,223 பேரில் 1003 பெண்கள். பெண்கள்தான் அதிகம், பிறகென்ன குறை என்று மேடைகளில் பேசுவதற்கு இந்த எண்கள் வசதியானவை. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும், சென்னை, திருப்பூருக்கும் ஆண்கள் வேலைக்குப் போய்விடும் ஊர்கள் இவை. கணக்கெடுப்பவர் வரும் நாளில் வீட்டில் இருப்பவர்கள் பெண்கள். பெண்களின் ஆயுளும் கூடுதல். பெரியவர்களின் விகிதம் வேலையையும் ஆயுளையும் காட்டுகிறது. பிறப்பில் என்ன நடந்தது என்பதைக் குழந்தைகளின் விகிதமே காட்டும்.

இயற்கையில் ஆண் குழந்தைகள் சற்றுக் கூடுதலாகவே பிறக்கின்றன. 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் என்பது உலகெங்கும் காணப்படும் அளவு. இந்திய முறையில் சொன்னால் 1000 ஆண் குழந்தைகளுக்கு சுமார் 952 பெண் குழந்தைகள். பிறந்த பின் ஆண் சிசுக்களின் இறப்பு இயல்பாகவே சற்று அதிகம் என்பதால், ஆறு வயதுவரை போகும்போது இந்த எண் கொஞ்சம் கூட வேண்டும், குறையக் கூடாது. அப்படியிருக்க அரியலூரில் 897 என்றால், 1000 ஆண் குழந்தைகளுக்குக் குறைந்தது 55 பெண் குழந்தைகள் கணக்கில் வரவில்லை. பெரம்பலூரில் ஏறத்தாழ 40. இவர்களில் சிலரைக் கணக்கெடுப்பு தவறவிட்டிருக்கலாம். சிலர் பிறந்து, கவனிப்பின்றி இறந்திருக்கலாம். ஆனால் பத்தே ஆண்டில் ஒரு மாவட்டம் 50 புள்ளிகள் சரிவதற்கு அவை இரண்டும் போதுமான காரணங்கள் அல்ல. எஞ்சும் காரணம், பெண் என்று தெரிந்த பின் கருவைக் கலைப்பது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. பெரம்பலூர் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001 தொடக்கத்தில் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் அறிக்கைகளில் ‘பெரம்பலூர்’ என்ற பெயர் சில நேரம் இரண்டு மாவட்டங்களையும் குறிக்கிறது. ஆண்டுவாரியான ஒப்பீடுகளில் இதைக் கவனிக்காமல் விட்டால் ஏற்றமும் இறக்கமும் தவறாகப் படிக்கப்படும்.

கலைப்பை எண்ணுவதில் உள்ள சிக்கல்

குறைந்துபோன பெண் குழந்தைகளை எண்ணுவதைவிடக் கருக்கலைப்புகளை எண்ணுவது கடினம். மாவட்டத்துக்கு இத்தனை கலைப்பு என்று எவராவது துல்லியமாக ஓர் எண்ணைச் சொன்னால் அதை நம்பத் தயங்க வேண்டும்.

இந்திய அரசின் பதிவேடுகளில் 2014-15ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பதிவான கருக்கலைப்புகள் ஏறத்தாழ 7 லட்சம். 2015ஆம் ஆண்டுக்கு, மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் அமெரிக்காவின் குட்மேக்கர் நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் சேர்ந்து செய்த மதிப்பீடு 1 கோடியே 56 லட்சம். 2018இல் வெளியான இந்த ஆய்வு, கலைப்பு மாத்திரைகளின் விற்பனை விவரங்களையும் ஆறு மாநிலங்களின் மருத்துவமனைகளில் திரட்டிய தகவல்களையும் வைத்துக் கணக்கிட்டது. அரசுப் பதிவுக்கும் மதிப்பீட்டுக்கும் இடையே இருபது மடங்குக்கு மேல் இடைவெளி. அரசின் கணக்கு பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளும் அனுமதி பெற்ற மையங்களும் அனுப்பும் படிவங்களிலிருந்து வருவது. மருந்துக் கடையில் வாங்கி வீட்டில் விழுங்கப்படும் மாத்திரைக்குப் படிவம் இல்லை.

அந்த ஆய்வின்படி நாட்டின் கலைப்புகளில் சுமார் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரைகளால் நடந்தவை. மருத்துவமனைகளில் நடந்தவை 22 விழுக்காடு. எஞ்சிய 5 விழுக்காடு, குச்சி செருகுவது, பயிற்சியற்ற கைகளில் ‘டிஎன்சி’ என்ற கருப்பைச் சுரண்டலைச் செய்துகொள்வது போன்ற வேறு வழிகள். 15 முதல் 49 வயதுள்ள 1000 பெண்களுக்கு ஆண்டுக்கு 47 கலைப்புகள் என்பது அகில இந்திய அளவு. தமிழ்நாட்டில் அது சுமார் 33, எண்ணிக்கையில் ஏறத்தாழ 7 லட்சம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆறு மாநிலங்களில் இதுவே மிகக் குறைவு.

வீடுவீடாகப் போய்க் கேட்கும் தேசிய குடும்ப நல ஆய்வு வேறொரு எண்ணைத் தருகிறது. 2019-21 சுற்றில், முந்தைய ஐந்தாண்டுக் கர்ப்பங்களில் சுமார் 3 விழுக்காடுதான் கலைக்கப்பட்டதாகப் பெண்கள் சொன்னார்கள். கூடத்தில் மாமியார் உட்கார்ந்திருக்க, முன்பின் தெரியாத ஒருவர் கையில் கருவியோடு கேட்கும்போது இதற்கு மேல் பதிலை எதிர்பார்க்க முடியாது. ஆனால் சொன்னவர்கள் சொன்ன விவரங்கள் மதிப்புள்ளவை. கலைப்புக்குக் காரணமாக ஏறத்தாழ பாதிப் பேர் சொன்னது, இந்தக் கர்ப்பம் எதிர்பாராதது என்பது. நாலில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் மருத்துவர் உதவியின்றி வீட்டில் தாங்களே செய்துகொண்டதாகச் சொன்னார்கள். அதே ஆய்வு தமிழ்நாட்டின் பிறப்புப் பாலின விகிதத்தை 878 என்று பதிவுசெய்தது. அதற்கு முந்தைய 2015-16 சுற்றில் அது 954. மாதிரி ஆய்வு என்பதால் இத்தகைய எண்கள் மேலும் கீழும் ஆடும். மாவட்ட அளவில் ஆட்டம் இன்னும் அதிகம். ஆயினும் 76 புள்ளி சரிவை வெறும் ஆட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011க்குப் பின் இந்த இரு மாவட்டங்களின் குழந்தைகளை ஒருவர் விடாமல் எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்புதான் அடுத்து விடை தரும்.

இரண்டு வேறு நிகழ்வுகள்

மேலே சொன்ன இரு கணக்குகளையும் அருகருகே வைத்தால் ஒரு முரண் தெரிகிறது. கருக்கலைப்பு விகிதம் குறைவாக உள்ள மாநிலத்தில், குழந்தைகளின் பாலின விகிதம் சரியும் மாவட்டங்கள் இருக்கின்றன. இதற்கு விளக்கம் கர்ப்பத்தின் காலவரிசையில் கிடைக்கிறது. கலைப்பு மாத்திரைகள் ஒன்பது வாரத்துக்குள் பயன்படுத்தப்பட வேண்டியவை. ஸ்கேனில் பாலினம் ஓரளவு நம்பகமாகத் தெரிவது 13, 14 வாரத்துக்குப் பிறகு. ஆக, நாட்டில் நடக்கும் கலைப்புகளில் மிகப் பெரும்பங்கு, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று எவருக்கும் தெரியாத கட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. பாலினம் பார்த்துச் செய்யும் கலைப்பு நாலாம், ஐந்தாம் மாதத்தில் நடப்பது. எண்ணிக்கையில் அது சிறியது. ஆனால் ஒரு மாவட்டத்தின் விகிதத்தைப் புரட்டிப்போட அந்தச் சிறிய எண்ணிக்கை போதும், ஏனென்றால் அதில் இழக்கப்படுவது பெண் மட்டுமே.

இந்த வேறுபாட்டைக் கிராமச் சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் கண்ணால் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் ‘பிக்மி’ என்ற இணையப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு, ஓர் எண் வழங்கப்படுகிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் மகப்பேறு நிதியுதவிக்கும் அந்த எண் வேண்டும் என்பதால் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள் பதிந்துவிடுகிறார்கள். இயல்பாகக் கரு கலைவதும் உண்டு. ஆனால் அதில் பெரும்பாலானவை 12 வாரத்துக்குள்ளேயே நிகழ்கின்றன. அதன் பின் ஆரோக்கியமான தாய்க்குக் கரு தானாகக் கலைவது அரிது. ஆகவே, ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள் உள்ள ஒருவரின் பெயருக்கு எதிரே நாலரை மாதத்தில் ‘தானாகக் கலைந்தது’ என்று எழுதப்பட்டால், அது ஒரு செய்தி. ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் அப்படிப் பல பெயர்கள் வந்தால் அது ஒரு சான்று. காவல்துறையின் சோதனைகளைவிட முன்னதாக இதைச் சொல்லக்கூடியவர் செவிலியர்தான். ஆனால் அவர் அதே ஊர்களில் தினமும் நடந்து, அதே வீடுகளின் நம்பிக்கையைப் பெற்று வேலை செய்ய வேண்டியவர். காட்டிக்கொடுத்தவர் என்று பெயர் எடுத்தால், அடுத்த கர்ப்பிணி அவரிடம் பதியவே வரமாட்டார்.

சட்டத்துக்குப் புறம்பான வேலை மாவட்ட எல்லைகளை ஒட்டி நடப்பதும் இங்கே முக்கியமானது. பெரம்பலூருக்கு வடக்கே கடலூர், வடமேற்கே சேலம், கிழக்கே அரியலூர், மற்ற பக்கங்களில் திருச்சிராப்பள்ளி. சென்னை - திருச்சி நெடுஞ்சாலை ஊடே செல்கிறது. கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் ஸ்கேன் சட்டத்தை மாவட்ட அளவில் நடைமுறைப்படுத்துபவர் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். அவருடைய அதிகாரம் எல்லையில் முடிந்துவிடும். ஒரு மாவட்டத்தில் பார்த்து இன்னொரு மாவட்டத்தில் கலைத்து மூன்றாவது மாவட்டத்து மருத்துவமனையில் இரத்தப்போக்கோடு சேர்க்கப்படும் பெண்ணின் வழக்கு யாருடையது என்பதிலேயே நாள்கள் போகும். கடலூர், கள்ளக்குறிச்சி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் கடந்த சில ஆண்டுகளில் பிடிபட்ட ஸ்கேன் கும்பல்கள் பெரும்பாலும் ஒரே முறையைப் பின்பற்றின. கையடக்க ஸ்கேன் கருவி, வாடகை வீடு அல்லது மருந்துக் கடையின் பின்னறை, கர்ப்பிணிகளைக் கூட்டி வர ஒரு இடைத்தரகர், மருத்துவம் படிக்காத ஒருவர். பதிவுபெற்ற ஸ்கேன் மையங்களின் சுவரில் பாலினம் தெரிவிக்கப்படாது என்ற பலகை தொங்குகிறது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், ஸ்கேன் விவரங்களைப் பதியும் ‘எஃப்’ படிவம் நிரப்பப்படுகிறது. அந்தப் பலகையும் படிவமும் எட்டாத இடத்துக்குத் தொழில் நகர்ந்துவிட்டது.

ஏன் இப்போது, ஏன் இங்கே

பெண் குழந்தை மேல் விருப்பமின்மை புதிதல்ல. குடும்பத்தின் அளவு புதிது. ஐந்து பிள்ளைகள் பெறும் வீட்டில் ஒரு ஆண்கூடப் பிறக்காமல் போக வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுதான். இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தும் வீட்டில் அது நாலில் ஒன்று. தமிழ்நாட்டின் மகப்பேற்று விகிதம் 2019-21 ஆய்வில் 1.8. எனவே ‘ஒரு பையனாவது வேண்டும்’ என்ற பழைய ஆசை அப்படியே இருக்க, அதை நிறைவேற்றும் வாய்ப்பு மட்டும் சுருங்கிவிட்டது. அந்த இடைவெளியில்தான் ஸ்கேன் கருவி வந்து உட்கார்ந்தது.

ஆசைக்குப் பின்னால் பணக் கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பல சமூகங்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரியம் கொடுத்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் தலைகீழாகி, வரதட்சணையாக மாறியது. மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மண்ணில், மகளுக்குப் போட வேண்டிய நகையும் சீரும் வண்டியும் பல ஆண்டு வருமானத்தை விழுங்கும் செலவு. தமிழ்நாடு 1989இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. நடைமுறையில் அந்தப் பங்கு, திருமணத்தில் போட்ட நகையோடு கழிந்துவிட்டதாகவே குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. முதுமையில் சோறு போடுபவனும் கொள்ளி வைப்பவனும் மகன் என்ற எண்ணம் இதோடு சேர்கிறது.

சேலம், தருமபுரி, மதுரை வட்டாரங்களில் 1980களிலும் 90களிலும் இதே ஆசை வேறு வடிவம் எடுத்தது. அங்கே பிறந்த பெண் சிசு கொல்லப்பட்டது. ஷீலா ராணி சுங்கத், வெ.பா. ஆத்ரேயா இருவரும் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளைக் கொண்டு 1997இல் எழுதிய ஆய்வு, இந்த மரணங்கள் எந்தெந்த மாவட்டங்களில் குவிந்திருந்தன என்பதைக் காட்டியது. கொல்லப்பட்ட சிசுவுக்குப் பிறப்பு உண்டு, இறப்பு உண்டு. பதிவேட்டில் தடம் இருக்கும். கருவிலேயே கலைந்துபோனதற்கு அந்தத் தடமும் இல்லை. அரியலூரும் பெரம்பலூரும் இவ்வளவு காலம் கவனிக்கப்படாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

சட்டம் வந்த வழி

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காப்பதற்காக அல்லாமல் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதில் குற்றவாளி. அந்தப் பிரிவின் சாரம் இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கள்ளத்தனமான கலைப்புகளில் பெண்கள் சாவதைக் கண்ட மைய அரசு 1964இல் சாந்திலால் ஷா குழுவை அமைத்தது. அதன் பரிந்துரையில் பிறந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. 2021 திருத்தத்துக்குப் பின் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் போதும். கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் அதற்குப் பிறகும் மருத்துவக் குழு அனுமதிக்கலாம். கேட்டாலே தரப்படும் உரிமையாக அல்லாமல், மருத்துவர் ஒப்பும் காரணங்களுக்கான விலக்காகவே சட்டம் இன்றும் இருக்கிறது.

பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் முற்றிலும் வேறு. 1994இல் இயற்றப்பட்டு 1996 ஜனவரி 1இல் அமலுக்கு வந்து, 2003இல் கருத்தரிப்புக்கு முந்தைய தேர்வையும் உள்ளடக்கி விரிந்தது. மருத்துவருக்கு மூன்றாண்டு வரை சிறை. பரிசோதனை செய்யச் சொன்ன குடும்பத்தாருக்கும் சிறையோடு 50,000 ரூபாய் வரை அபராதம். கர்ப்பிணி கட்டாயப்படுத்தப்பட்டவர் என்றே சட்டம் முதலில் கருதுகிறது. இந்தச் சட்டம் தடுப்பது பாலினத்தை அறிவதையும் சொல்வதையும்தான். கருக்கலைப்பை இது தடை செய்யவில்லை.

கருக்கலைப்புக்கு எதிரான வாதங்கள்

தமிழில் கருக்கலைப்பு எதிர்ப்புக்கு நீண்ட வேர் உண்டு. புறநானூற்றின் 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், கொடிய பாவங்களின் வரிசையில் பசுவின் மடியை அறுத்தலுக்கு அடுத்து மகளிரின் கருவைச் சிதைத்தலை வைக்கிறார். அவற்றுக்குக்கூடக் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவருக்கு இல்லை என்பது பாடலின் கருத்து. கருச்சிதைவு பாவத்தின் அளவுகோலாகவே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆயினும் மீட்சியற்றதாகச் சொல்லப்படவில்லை. வடமொழித் தருமநூல்களும் கருக்கொலையைப் பெரும்பாவங்களில் சேர்க்கின்றன.

வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி அரியலூர் மாவட்டத்தில் இருப்பதால் கத்தோலிக்க நிலைப்பாடு இங்கே தொலைவிலிருந்து வந்த செய்தி அல்ல. கருவுற்ற கணம் முதல் மனித உயிர் முழு மதிப்புடையது, அதை நேரடியாக அழிப்பது எந்தச் சூழலிலும் தவறு என்பது அதன் சாரம். 1995இல் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட சுற்றுமடல் இதை விரிவாக வாதிட்டது. அன்னை தெரசா 1979இல் நோபல் உரையிலேயே கருக்கலைப்பை அமைதிக்கு எதிரான பெருங்கேடாகச் சொன்னார். இஸ்லாமியச் சட்ட அறிஞர்களில் பலர், 120 நாளில் கருவுக்கு உயிர் ஊதப்படுகிறது என்ற நபிமொழியின் அடிப்படையில், அதற்குப் பிந்தைய கலைப்பைத் தாயின் உயிருக்கு ஆபத்து என்ற நிலையைத் தவிர விலக்கினார்கள். அதற்கு முந்தையதில் பிரிவுக்குப் பிரிவு கருத்து வேறுபடும். காந்தியும் கருக்கலைப்பைக் குற்றமாகவே கருதினார். ஆனால் அவர் செயற்கைக் கருத்தடையையும் எதிர்த்தார். அதே காலத்தில் பெரியார், பெண்ணின் விடுதலைக்குக் கருத்தடை இன்றியமையாதது என்று எழுதிவந்தார்.

மதத்தை நாடாத வாதங்களும் இருக்கின்றன. அமெரிக்க மெய்யியலாளர் டான் மார்க்விஸ் 1989இல் எழுதிய கட்டுரை இவற்றில் கூர்மையானது. ஒருவரைக் கொல்வது ஏன் தவறு? அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய எதிர்காலம் முழுவதையும் பறிப்பதால். கருவுக்கும் அதே எதிர்காலம் உண்டு. ஆகவே அதே தவறு. இதில் கரு ‘நபரா’ என்ற கேள்விக்கே இடமில்லை. இன்னொரு வாதம் காலவரையறையைப் பற்றியது. தாயின் உடலுக்கு வெளியே வாழக்கூடிய நிலையை எட்டிய கருவை அழிக்கும் உரிமை, கர்ப்பத்தை முடித்துக்கொள்ளும் உரிமையிலிருந்து பிரிந்துவிடுகிறது. 2023 அக்டோபர் 16இல் உச்ச நீதிமன்றம், 26 வாரம் கடந்த ஆரோக்கியமான கருவைக் கலைக்க இரண்டு பிள்ளைகளின் தாய்க்கு அனுமதி மறுத்தபோது இந்தக் கேள்விதான் நீதிபதிகளின் முன் நின்றது. உடற்குறை உள்ளோர் இயக்கங்கள் வைக்கும் வாதம் மூன்றாவது: குறைபாடு என்று காட்டிக் கலைப்பதை எளிதாக்கும் சட்டம், அந்தக் குறைபாட்டோடு வாழ்பவர்களின் வாழ்வு குறைந்த மதிப்புடையது என்று சொல்லாமல் சொல்கிறது.

எதிர்த்தரப்பின் பதிலும் வலுவானதே. ஜூடித் தாம்சன் 1971இல் வாதிட்டது இது: கருவுக்கு வாழும் உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டாலும், இன்னொருவரின் உடலை அவர் விருப்பமின்றிப் பயன்படுத்தும் உரிமை அதிலிருந்து தானாக வந்துவிடாது. தடையால் கலைப்பு நிற்கவில்லை என்பதற்கு 1971க்கு முந்தைய இந்தியாவே சாட்சி. அது இருட்டுக்குள் போனது, செத்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். இன்றும் உலகில் ஆண்டுக்கு நடக்கும் சுமார் 7.3 கோடி கலைப்புகளில் ஏறத்தாழ 45 விழுக்காடு பாதுகாப்பற்றவை என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் எண்களுக்கு முன் இந்த வாதங்களை வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கருவின் தகுதி பற்றிய விவாதம் முடிவுக்கு வரவேண்டிய அவசியம் இல்லாமலே, பெண் என்பதற்காகக் கலைப்பதைத் தவறென்று நிறுவ முடியும். அங்கே கர்ப்பிணி, பிள்ளையே வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. பிள்ளை வேண்டும், மகள் வேண்டாம் என்று குடும்பம் முடிவு செய்கிறது. வாதத்தின் அடிப்படை பாகுபாடு. அதனால்தான் கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் பெண்ணியவாதிகளும் அதை அடியோடு எதிர்க்கும் திருச்சபையும் இந்த ஓரிடத்தில் ஒரே பக்கம் நிற்கிறார்கள். மதுரையை மையமாகக் கொண்ட, கருவில் பாலினத் தேர்வுக்கு எதிரான பிரச்சார இயக்கம் 1990களின் இறுதியிலிருந்து வலியுறுத்திவருவதும் இந்தப் பாகுபாட்டைத்தான்.

பாலினத் தேர்வையும் பொதுவான கருக்கலைப்பையும் கலந்துவிடும்போது தீங்கு நேர்கிறது. ‘கருக்கலைப்பு குற்றம்’ என்று பொதுவாக எழுதும் சுவரொட்டி, பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி விட விரும்பும் பெண்ணையும் வன்கொடுமைக்கு ஆளான சிறுமியையும் பயமுறுத்துகிறது. பாலினத் தேர்வு வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்ற அச்சத்தில் 12 வாரத்தைத் தாண்டிய சட்டபூர்வமான கலைப்பையும் தனியார் மருத்துவர்கள் மறுத்தால், அந்தப் பெண் போய்ச் சேருவது ஸ்கேன் கும்பல் வைத்திருக்கும் அதே பின்னறைக்கு. ஒரு தீமையைத் தடுக்கும் முயற்சியே அந்தத் தீமைக்கு வாடிக்கையாளரை அனுப்பிவைக்கிறது.

பயன் தந்தவை

தருமபுரியின் எண் 826இலிருந்து 913க்கு ஏறியதற்கு ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், சிசுக்கொலை வழக்குகள், 1990களின் இறுதியில் தருமபுரி கிராமங்களில் சுகாதாரத் துறை நடத்திய தெருநாடகக் கலைப்பயணம், மாவட்ட ஆட்சியர்களின் நேரடிக் கண்காணிப்பு எல்லாம் அதில் சேரும். 2011 கணக்கெடுப்புக்குப் பின் தொட்டில் குழந்தைத் திட்டம் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2015இல் மைய அரசின் பெண் குழந்தையைக் காப்போம் திட்டம் முதல் 100 மாவட்டங்களில் தொடங்கியபோது கடலூர் அதில் இடம்பெற்றது. ஆனால் தொட்டில் என்பது பிறந்துவிட்ட குழந்தைக்கான தீர்வு. கருவில் நடக்கும் தேர்வின் மேல் அதற்குப் பிடி கிடையாது. பெற்றவர்கள் கைவிடலாம், அரசு எடுத்துக்கொள்ளும் என்ற செய்தி அதில் அடங்கியிருக்கிறது என்ற விமர்சனமும் நியாயமானது.

முதலமைச்சரின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் ஒரே மகளுக்கு 50,000 ரூபாயும் இரு மகள்களுக்குத் தலா 25,000 ரூபாயும் வைப்புநிதி இடுகிறது. ஆண் வாரிசு இல்லாமல் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால்தான் அது கிடைக்கும். ஒரு திருமணத்துக்கு வாங்கும் நகையின் விலையோடு இந்தத் தொகையை ஒப்பிட்டால் அதன் ஈர்ப்பு எவ்வளவு என்பது தெரியும்.

தென்கொரியாவின் அனுபவம் வேறொரு வழியைக் காட்டுகிறது. 1990இல் அங்கே 100 பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகள் பிறந்தன. பாலினத்தைச் சொல்லக் கூடாது என்ற தடை 1987 முதலே இருந்தும் அந்த நிலை. அடுத்த இருபது ஆண்டுக்குள் விகிதம் இயல்புக்குத் திரும்பியது. மகள்கள் படித்துச் சம்பாதித்ததும், நகர வாழ்க்கையும், ஆண்வழிக் குடும்பத் தலைமைச் சட்டம் நீக்கப்பட்டதும், முதியோர் ஓய்வூதியமும் சேர்ந்து மகனின் தனிப் பயனைக் குறைத்தன. 2024 பிப்ரவரியில் கொரிய அரசியல் சாசன நீதிமன்றம் 32 வாரத்துக்கு முன் பாலினம் சொல்லக் கூடாது என்ற விதி இனித் தேவையில்லை என்றே நீக்கியது.

பாலினத் தேர்வோடு தொடர்பில்லாத பெரும்பான்மைக் கலைப்புகளைக் குறைக்க வழி, கருத்தடையில் இருக்கிறது. அதில் தமிழ்நாடு ஒரே முறையை நம்பி நிற்கிறது. 2019-21 ஆய்வின்படி மணமான பெண்களில் சுமார் 58 விழுக்காட்டினர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களில் செய்துகொண்டவர்கள் 0.1 விழுக்காடு. மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி எல்லாம் சேர்ந்தும் பத்து விழுக்காட்டை எட்டவில்லை. முதல் பிள்ளைக்கும் இரண்டாவதற்கும் இடையே, அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய ஆண்டுகளில், எதிர்பாராத கர்ப்பத்துக்கு எதிரான தடுப்பு ஏறக்குறைய ஏதுமில்லை. அந்த ஆண்டுகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருத்தடை ஊசியும் காப்பர்-டியும் கேட்டவுடன் கிடைப்பதும், தவறிப்போனால் அரசு மருத்துவமனையில் ஒன்பது வாரத்துக்குள் கேள்விகளால் குடையாமல் மாத்திரை கிடைப்பதும், நாலாம் மாதக் கலைப்புக்கு வரும் பெண்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். அப்படிக் குறைந்தபின் பதிவேட்டில் மிஞ்சும் நாலாம் மாத இழப்புகளைத் தேடிக் கண்டுபிடிப்பதும் விசாரிப்பதும் இரு மாவட்ட நிர்வாகங்களுக்கும் எளிதாகும்.